ஆடாத தலை எங்கே இருக்கிறது?



"மலர்ல ரெண்டு மூணு பக்கம் காலியா இருக்கு, ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மலர்க் குழு நண்பன் என் ரூமுக்கே வந்து உட்கார்ந்துகொண்டான். கவிதை எழுதலாமா என்று கேட்டேன். "நிலாவைப் பத்தி ஏற்கெனவே நாலு கவிதை வந்தாச்சு, வேற எழுது" என்றான். ஆகவே எனக்குத் தெரிந்த விஷயத்தையே எழுதுகிறேன். போன வருஷம் எங்கள் வீட்டில் பல நாள் யாரையும் தூங்கவிடாத விஷயம் அது.

என் தங்கைக்கு வயது ஒன்பது. அவளுக்கு அவ்வப்போது வலிப்பு வரும். மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அப்பா அங்கே இங்கே பணம் புரட்டி, ஒரு ஸ்கேன் சென்டருக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். "ஆடாம படுத்துக்கோ பாப்பா, சரியா?" என்று சொல்லி அவளை அந்தக் குழாய்க்குள் அனுப்பினார்கள். வெளியே எங்களுக்கே டம் டம் என்று சத்தம் கேட்டது. உள்ளே இருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அசைவினால் படம் தெளிவில்லை. இடது முன்பக்கத்தில் ஓர் இடத்தில் எல்லை மங்கலாகத் தெரிகிறது. கோளாறாகவும் இருக்கலாம், அசைவாகவும் இருக்கலாம். மறுபடி எடுக்கவும் என்பது அதன் சாரம்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "கொஞ்ச நேரம் ஆடாம இருக்க மாட்டியாடி?" என்றார். அதற்கு அவள், "நான் ஆடலம்மா... மூச்சுதான் விட்டேன்" என்றாள்.

அந்தப் பதில் என் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. மூச்சு விட்டது தப்பா? எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் என்று வீட்டில் பீற்றிக்கொள்கிறேனே, இதற்கு என்னிடம் பதில் இல்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

மங்கலைக் கண்டு ஏன் பயம்?

மூளையின் மேல்பகுதியில் சில மில்லிமீட்டர் தடிமனில் சாம்பல் நிறப் பட்டை இருக்கிறது. அதற்குக் கீழே வெள்ளைப் பகுதி. நல்ல எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு பளிச்சென்று தெரியும். சில குழந்தைகளுக்குக் கருவில் இருக்கும்போதே இந்தப் பட்டை ஓர் இடத்தில் சரியாக அடுக்கப்படாமல் போய்விடுகிறது. வலிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். சில சமயம் ஆபரேஷன் வரைக்கும் போகும். அதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று, அந்த எல்லைக்கோடு மங்கிப்போயிருப்பது.

தலை அசைந்தாலும் அதே எல்லைக்கோடுதான் மங்குகிறது! நோயும் அசைவும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன. இல்லாத நோய் இருப்பது போலத் தெரியலாம். இருக்கிற நோய் மங்கலுக்குள் ஒளிந்துகொள்ளலாம். படம் அழகாக இல்லை என்ற பிரச்சினை அல்ல இது. ஒரு குழந்தையின் தலையைத் திறப்பதா வேண்டாமா என்பது வரை போகிற பிரச்சினை.

இது போட்டோ இல்லை

நம் உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் நிறைய. அவற்றில் ஹைட்ரஜன் இருக்கிறது. பலமான காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ரேடியோ அலையை வாங்கித் திருப்பித் தருகின்றன. 1 டெஸ்லாவுக்கு 42.58 மெகா ஹெர்ட்ஸ். ஆக 1.5 டெஸ்லா மெஷினில் சுமார் 64 மெகா ஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128 மெகா ஹெர்ட்ஸ். நம்ம எஃப்.எம். ரேடியோவுக்கு அக்கம்பக்கத்து வீடுதான்!

இடத்துக்கு இடம் காந்தப் புலத்தைச் சற்றே மாற்றினால் அதிர்வெண்ணும் மாறும். அதை வைத்துப் படம் அமைக்கலாம் என்று 1973-இல் பால் லாட்டர்பர் காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அந்தக் கணக்கை வளர்த்து வேகமாக்கினார். இருவருக்கும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. புலத்தை இப்படி மாற்றும் சுருள்களில் கரண்ட் படபடவென்று மாறும்போது, ஸ்பீக்கர் சுருள் அதிர்கிற மாதிரி அவையும் அதிர்கின்றன. அந்த டம் டம் சத்தம் அதுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஜெராக்ஸ் மெஷின் மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிறது. பாதியில் பேப்பரை இழுத்தால் பாதிப் பக்கம்தான் கெடும். எம்.ஆர்.ஐ. மெஷினும் வரி வரியாகத்தான் சேகரிக்கிறது. ஆனால் அதன் ஒரு வரி, படத்தின் ஒரு வரி அல்ல!

ஃபூரியர் தொடர் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? (அதில் அரியர் வைத்தவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்.) ஒரு சதுர அலையை, அடிப்படை சைன் அலை, அதன் 3-ஆம், 5-ஆம், 7-ஆம் ஒத்திசைகள் என்று கூட்டிக் கூட்டி உண்டாக்கலாம். அதில் ஒரே ஒரு ஒத்திசையின் கட்டத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அலையின் ஒரு மூலை மட்டுமா கெடும்? அலை முழுக்கக் கெடும். எம்.ஆர்.ஐ. சேகரிக்கும் ஒவ்வொரு வரியும் அப்படி ஓர் ஒத்திசைதான். நடு வரிகள் படத்தின் மொத்த வெளிச்சத்தையும் நிழலையும் தருகின்றன. ஓர வரிகள் கூர்மையான எல்லைகளைத் தருகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால்தான் படம். ஆகவே சில வரிகள் எடுக்கும்போது மட்டும் தலை அசைந்தாலும் படம் முழுக்க அடி வாங்கும்.

ஒரு வரியைப் படிக்கச் சில மில்லி செகண்டுதான் ஆகும். ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே காத்திருக்க வேண்டும். சாதாரணமான ஒரு முறையில் அரை செகண்டு இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 256 வரிக்கு 128 செகண்டு, அதாவது இரண்டு நிமிஷத்துக்கு மேல். அதற்குள் மூச்சு முப்பது தடவைக்கு மேல் போய் வந்துவிடும்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

படத்தின் அகலம் 256 மி.மீ., வரிகள் 256 என்று வைப்போம். நடு வரி பூஜ்யம். அங்கிருந்து இரு பக்கமும் ஓரம் வரை 128. தலை, வரிகள் அடுக்கப்படும் திசையில் 1 மி.மீ. நகர்ந்தால், ஒவ்வொரு வரியின் கட்டமும் எவ்வளவு மாறும்? 360 டிகிரியை வரி எண்ணால் பெருக்கி 256-ஆல் வகுங்கள்.

1-ஆம் வரி: 1.4 டிகிரி. ஒன்றுமில்லை.
64-ஆம் வரி: 90 டிகிரி.
128-ஆம் வரி: 180 டிகிரி.

ஓர வரியில் கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் வந்துவிடுகிறது! ஒரே ஒரு மில்லிமீட்டருக்கு! சின்ன அசைவு நடு வரிகளைத் தொடாமல் விட்டுவிட்டு ஓர வரிகளை முதலில் கெடுக்கிறது. எல்லைக்கோடுகளைத் தருவதே ஓர வரிகள்தான் என்று மேலே பார்த்தோம். என் தங்கையின் ரிப்போர்ட்டில் எல்லை ஏன் மங்கியது என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரிதான் எனக்குப் புரிந்தது.

ஆரம்பம் முதல் கடைசி வரை தலை 1 மி.மீ. தள்ளியே இருந்தால் பிரச்சினை இல்லை. படம் கொஞ்சம் தள்ளித் தெரியும், அவ்வளவுதான். பாதி வரிகள் ஓர் இடத்திலும் மீதி வரிகள் வேறோர் இடத்திலும் எடுக்கப்படுவதுதான் வம்பு. மூச்சு மாதிரி திரும்பத் திரும்ப வரும் அசைவாக இருந்தால், பழைய ஆன்டெனா டி.வி.யில் ஓர் ஆள் இரண்டு மூன்றாகத் தெரிவாரே, அது போல இரட்டை உருவங்கள் விழும். டெக்னீஷியன்கள் அதை 'கோஸ்ட்' என்கிறார்கள். நம்ம ஊர்ப் பாஷையில் பேய்தான்!

ஆறே ஆறு எண்கள்

மண்டை ஓடு வளையாது. ஆகவே தலையின் அசைவை ஒரு திடப்பொருளின் அசைவாக எடுத்துக்கொள்ளலாம். மெக்கானிக்கல் நண்பர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, மொத்தம் ஆறு எண்கள். எந்த நேரத்தில் இந்த ஆறும் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சுழற்சியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தலை ஒரே ஒரு டிகிரி திரும்பினால், நடுவிலிருந்து 75 மி.மீ. தள்ளியிருக்கும் ஓரம் 1.3 மி.மீ. நகர்ந்துவிடுகிறது. ஒரு டிகிரி என்பது கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு. ஆகவே "நான் ஆடல" என்று சொல்கிற குழந்தை பொய் சொல்லவில்லை. அவளுக்கே அது தெரியாது.

மூன்று வழிகள்

ஒர்க் ஷாப்பில் லேத் முன்னால் நின்றவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜாப் ஆடுகிறது. என்ன செய்யலாம்? ஒன்று, சக்கில் இறுக்கிப் பிடிக்கலாம். இரண்டு, எவ்வளவு ஆடியது என்று அளந்து வைத்துக்கொண்டு அப்புறம் கணக்குப் பண்ணலாம். மூன்று, ஜாப் போகிற பக்கமே டூலையும் நகர்த்தலாம். தலைக்கும் இதே மூன்றுதான்.

முதல் வழி, பிடித்து வைப்பது. தலைக்கு இரு பக்கமும் பஞ்சுத் திண்டு வைப்பது, காதடைப்பான் கொடுப்பது, என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே விளக்குவது, முக்கியமான படத்தை முதலிலேயே எடுத்துவிடுவது எல்லாம் இதில் சேரும். சில இடங்களில் பொய் ஸ்கேனர் ஒன்றில் குழந்தைகளைப் படுக்கவைத்துப் பழக்குகிறார்கள். இதுவும் போதாவிட்டால் மயக்க மருந்து. அது விளையாட்டு அல்ல. மயக்க டாக்டர் வேண்டும், வெறும் வயிறு வேண்டும், கண்காணிப்பு வேண்டும், செலவும் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நேரமோ பல தடவையோ மயக்கம் கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016 டிசம்பரில் எச்சரித்தது. என் தங்கை அந்த வயதைத் தாண்டியவள்தான். இருந்தாலும் வேறு வழி இருந்தால் அதைப் பார்ப்பதுதானே நியாயம்?

இரண்டாம் வழி, எடுத்த பிறகு திருத்துவது. தலை நகர்ந்தால் ஒவ்வொரு வரியிலும் கட்டம் மாறும் என்று மேலே பார்த்தோம். எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால், அதே அளவு கட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் போதும். நகர்வு காணாமல் போகும். தலை சுழன்றால் சேகரித்த வரிகளும் அதே கோணம் சுழன்றிருக்கும், திருப்பி வைக்கலாம். சரி, எவ்வளவு நகர்ந்தது என்று எப்படித் தெரியும்? படத்துக்கான சிக்னல்களுக்கு நடுவே, அளப்பதற்கென்றே ஒரு சின்ன சிக்னலைச் சொருகலாம் என்று ஏமன், ஃபெல்ம்லீ என்ற இருவர் 1989-இல் காட்டினார்கள். அதற்கு 'நேவிகேட்டர்' என்று பெயர். கப்பலுக்கு வழிகாட்டி மாதிரி!

1999-இல் ஜேம்ஸ் பைப் என்பவர் ஓர் அருமையான யோசனை சொன்னார். வரிகளை மேலிருந்து கீழே அடுக்குவதற்குப் பதில், சில வரிகளை ஒரு பட்டையாகக் கட்டி, அந்தப் பட்டையை ஃபேன் இறக்கை மாதிரி நடுவை மையமாக வைத்துச் சுற்றிச் சுற்றி எடுப்பது. பெயரும் 'புரொப்பெல்லர்'. ஒவ்வொரு இறக்கையும் நடு வழியாகப் போவதால், ஒவ்வொன்றிலும் தலையின் மங்கலான முழுப்படம் ஒன்று கிடைத்துவிடுகிறது. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த இறக்கை எடுக்கும்போது தலை எவ்வளவு திரும்பியது என்று கண்டுபிடித்துத் திருத்தலாம். ரொம்பக் கெட்டுப்போன இறக்கைக்கு மதிப்பைக் குறைத்துவிடலாம். இதற்கு விலை நேரம்தான்: அதே அளவு விவரத்துக்குச் சுமார் ஒன்றரை மடங்கு வரிகள் வேண்டும். இன்று பெரிய கம்பெனிகள் ஆளுக்கொரு பெயரில் இதைத் தருகின்றன. சீமென்ஸில் 'பிளேடு', ஃபிலிப்ஸில் 'மல்ட்டிவேன்'.

மூன்றாம் வழி, எடுத்துக்கொண்டிருக்கும்போதே திருத்துவது. தலை எங்கே போகிறதோ, ஸ்கேனரின் அச்சுகளையும் அங்கேயே திருப்பிவிடுவது. மெஷினை நகர்த்த வேண்டாம். சுருள்களில் போகும் கரண்ட்டின் விகிதத்தை மாற்றினால் அச்சு திரும்பிவிடும். தலை இருக்கும் இடத்தை அறிய கேமரா வைத்து, ஓர் அடையாளத் துண்டை முகத்தில் ஒட்டிப் பார்க்கிறார்கள். இதயத் துடிப்பால் தலை அசைவதைக்கூட அளக்கும் அளவுக்கு அந்தக் கேமராக்கள் நுட்பமானவை. ஆனால் நெற்றியைச் சுருக்கினால் தோல் நகரும், மண்டை நகராது, மெஷின் ஏமாந்துவிடும்! ஆகவே ஆராய்ச்சிகளில் பல்லில் மாட்டும் அச்சில் அடையாளத்தை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். கேமரா இல்லாத வழியும் உண்டு. முப்பரிமாணப் படம் எடுக்கும்போது மெஷின் சும்மா காத்திருக்கும் இடைவெளி வருகிறது. அதில் சுமார் கால் செகண்டில் தலையின் சிறு படம் ஒன்றை எடுத்து, அதை வைத்து அச்சைத் திருத்தும் முறையை 2012-இல் டிஸ்டல் என்பவரும் அவர் குழுவும் வெளியிட்டனர். மிக மோசமாகக் கெட்ட பகுதிகளை மட்டும் கடைசியில் மறுபடி எடுத்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு.

எது முடியாது?

இதைச் சொல்லாவிட்டால் நான் விளம்பரம் எழுதியவனாகிவிடுவேன்.

தலை சுழன்றால் வரிகளைத் திருப்பி வைக்கலாம் என்றேன். திருப்பி வைத்தால் சில இடத்தில் வரி மேல் வரி விழும். சில இடம் கேக் வெட்டின மாதிரி காலியாகிவிடும். காலியான இடத்தின் சிக்னல் எடுக்கப்படவே இல்லை. மறுபடி எடுப்பதுதான் நேர்மையான வழி. அதே போல, மூளையைக் குறுக்கே வெட்டி வெட்டிப் படம் எடுக்கும்போது குழந்தை 'ஆமாம்' என்று தலையாட்டினால், அந்த வெட்டுக்குள் வேறு இடத்துத் திசு வந்துவிடுகிறது. அதை எந்தக் கணக்காலும் முழுசாகத் திருப்ப முடியாது. தலை திரும்பினால் தலைக்குள் இருக்கும் காந்தப் புலமே சற்று மாறுகிறது. அதுவும் ஒரு தொல்லை.

இப்போது கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கி, மங்கலைத் தெளிவாக்கச் சொல்கிறார்கள். உபயோகமான விஷயம்தான். ஆனால் நல்ல மூளைகளையே பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர், கெட்ட இடத்திலும் நல்ல எல்லைக்கோட்டை வரைந்துவிட்டால்? படம் அழகாக இருக்கும், நோய் மறைந்துபோகும். ஆகவே அளந்ததைத் திருத்தலாம், அளக்காததை ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட வேண்டும்.

பெரிய ஆராய்ச்சிக்காரர்களையும் இது ஏமாற்றியிருக்கிறது. மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்பு கொள்கின்றன என்று ஆராய்ந்தவர்கள், குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வித்தியாசம் கண்டார்கள். அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு வெறும் தலையசைவால் வந்திருக்கலாம் என்று 2012-இல் பவர் என்பவரின் குழு உட்பட மூன்று குழுக்கள் தனித்தனியே எச்சரித்தன. குழந்தைகள் அதிகம் அசைவார்கள், அவ்வளவுதான்! அசைந்தால் சாம்பல் பட்டை இருப்பதைவிட மெலிந்து காட்டும் என்று ராய்ட்டர் குழு 2015-இல் நிரூபித்தது. அதே 2015-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பரிசோதனையில் ஏதாவதொரு பகுதியை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது என்றும், ஒரு மெஷினுக்கு வருஷத்துக்குச் சுமார் 1,15,000 டாலர் இழப்பு என்றும் கணக்கிட்டார்கள். ஆக, அசைவது என் தங்கை மட்டும் அல்ல!

இரண்டாவது தடவை

இரண்டாவது ஸ்கேனுக்கு வேறு இடம் போனோம். அங்கே இருந்த டெக்னீஷியன் அக்காவிடம் பழைய ரிப்போர்ட்டைக் காட்டி, "அக்கா, சுத்திச் சுத்தி எடுக்கிற முறை உங்க மெஷின்ல இருக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இருக்கு தம்பி. நேரம் கொஞ்சம் கூட ஆகும், பரவாயில்லையா?" என்றார். தங்கைக்கு அந்த டம் டம் சத்தத்தை முதலில் செல்போனில் போட்டுக் காட்டினார். காதடைப்பான் வைத்தார். திண்டு வைத்தார். அப்பாவின் பையிலிருந்து சில்லறை, சாவி, பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி வெளியே வைத்துவிட்டு, "நீங்க உள்ள வந்து பாப்பா காலைப் பிடிச்சுக்குங்க சார்" என்றார். அவள் களைத்துப்போவதற்கு முன்னால் முக்கியமான முப்பரிமாணப் படத்தை எடுத்துவிட்டு, அப்புறம் இறக்கை முறையில் மற்றவற்றை எடுத்தார். ஒரு தடவை கூட "ஆடாதே" என்று அதட்டவில்லை.

படத்தில் எல்லைக்கோடு பளிச்சென்று இருந்தது. முதலில் மங்கலாகத் தெரிந்த இடத்தில் ஒன்றும் இல்லை; அது அசைவுதான் என்றார் டாக்டர். வலிப்பு இன்னும் முழுசாக நிற்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆபரேஷன் என்ற பேச்சு மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது.

வெளியே வந்ததும் அவள் அம்மாவிடம் கேட்டாள்: "இந்தத் தடவை நான் ஆடினேனாம்மா?" அம்மா பதில் சொல்லாமல் அவளை அணைத்துக்கொண்டார்.

ஆடினாள்தான். மூச்சு விடுகிறவர்கள் எல்லாரும் ஆடுகிறார்கள். மெஷின் அதற்குத் தயாராக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நண்பர்களே, நம்மில் யாராவது நாளைக்கு இந்த மாதிரி ஒரு மெஷினைப் பழுது பார்க்கப் போகலாம், விற்கப் போகலாம், இயக்கப் போகலாம், ஏன், புதிதாக வடிவமைக்கவும் செய்யலாம். அப்போது ரிப்போர்ட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வரி பார்த்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். "நோயாளிக்கு மெஷின் ஒத்துழைத்ததா?" என்றும் ஒரு கேள்வி கேளுங்கள்.

தேர்வில் எல்லாரும் நல்லபடியாகத் தேற வாழ்த்துகள்!

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை மாணவன்